சனிக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள கயல்,

குடிநோய் சிகிச்சை மையத்தில் டாக்டர் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது, சமூகப் பணியாளராக நான் அங்கே என்ன செய்வதென்றே புரியவில்லை என்று போனில் சொன்னாய். குடியை நிறுத்தியதால் வரும் உடம்புத் தொந்தரவை மருந்து ஏழு, பத்து நாளில் அடக்கிவிடும். அப்புறம் அந்த ஆள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலோ ஹலசூரிலோ தன் சந்துக்குத் திரும்பிப் போவார். அந்தச் சந்துதான் உன் வேலை.

அதற்கு அட்மிஷன் அன்றே விவரம் சேர்க்க வேண்டும். எவ்வளவு குடிப்பீர்கள் என்றால் "கொஞ்சம்தாம்மா" என்பார். குவாட்டரா, 90 மில்லி பாக்கெட்டா, நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்ததும் வேண்டுமா என்று கேள். ஒரு குவாட்டர் 180 மில்லி. 30 மில்லிக் கணக்கில் ஆறு பெக். கடைசியாகக் குடித்த மணியைக் கட்டாயம் குறித்துக்கொள். நிறுத்திய ஆறு எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் இல்லாத ஆளோடு பேசுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். பேய் பிடித்ததென்று வீட்டார் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். அது உயிரே போகக்கூடிய நிலை. வீட்டில் பூட்டிவைத்தே நிறுத்திவிடுகிறோம் என்கிற குடும்பத்துக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியவள் நீ.

மனைவியிடம் தனியாகப் பேசு. கணவர் பக்கத்தில் இருந்தால் அடி உதை பற்றி வாய் திறக்க மாட்டாள். பெண்கள் உதவி எண் 181-ஐ அவளுக்கு மனப்பாடமாக்கு. குடியை நிறுத்தவைக்க அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் டைசல்ஃபிராம் மாத்திரை கலக்கிறாளா என்றும் கேள். அதைத் தெரியாமல் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும், சாவும் நடக்கலாம். கடைசியாகக் குடித்துப் பன்னிரண்டு மணி நேரமாவது போன பிறகே தொடங்க வேண்டிய மருந்து அது. நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். அவர் அறிந்து, சம்மதித்துத்தான் தர வேண்டும்.

வேனில் வந்து ஆளைத் தூக்கிப் போகிற மையத்துக்கு எந்தக் குடும்பத்தையும் அனுப்பாதே. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயாளிக்கும் பொருந்தும். கட்டாய மொட்டை, சங்கிலி இரண்டுக்கும் அதில் தடை. எந்த மையமானாலும் அதன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்.

வீட்டுக்குப் போன முதல் மூன்று மாதம்தான் பெரிய கண்டம். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை பேசு. மறுபடி குடித்துவிட்டார் என்றால் திட்டாதே. திட்டினால் அடுத்த தடவை வரவே மாட்டார். அன்றைக்கு என்ன நடந்ததென்று மணிவாரியாகக் கேள். கட்டட வேலைக்காரருக்குப் பெரும்பாலும் பட்டுவாடா நாள்தான் காரணமாக இருக்கும். சனிக்கிழமை, கையில் காசு, ஒயின்ஷாப் வாசலில் வைத்துக் கூலி பிரிக்கிற மேஸ்திரி. கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம், இல்லை ஞாயிறு காலையில் தரச் சொல்லலாம். மேஸ்திரியிடம் பேசுவதற்கு முன் நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. சிகிச்சை விவரத்தை அவரைக் கேட்காமல் வெளியே சொல்வது அந்தச் சட்டப்படியே தப்பு, அவர் வேலையும் போய்விடலாம். கந்துவட்டி, குழுக்கடன் தவணை எந்த நாளில் வருகிறது என்பதையும் அதே தாளில் எழுதிவை.

சனிக்கிழமை ஆறிலிருந்து எட்டு மணிவரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதே. புதிதாக டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு அப்போது போன் போடு. என்னோடு ஞாயிற்றுக்கிழமை பேசினால் போதும்.

அம்மா