மார்மன் திருமுழுக்கு: ஒரு திருத்தம் கேட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கத்தோலிக்கருக்கும் மார்மன்களுக்கும் (அமெரிக்காவில் பிறந்த ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’யாருக்கும்) உள்ள நல்லுறவு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், இரு சபையாரும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) தருவதால் ஒருவர் கொடுத்ததை மற்றவர் ஏற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. பின்பாதியை உங்களுக்கு யார் சொன்னார்கள்? மார்மன் திருமுழுக்கு செல்லாது என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001 ஜூன் 5 அன்றே அறிவித்துவிட்டது. கையெழுத்திட்டவர், பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர். தாங்கள் அறியாததா!

தண்ணீரில் குறையில்லை, முழுக்கத்தான் மூழ்க வைக்கிறார்கள். குறை நம்பிக்கையில். மார்மன் போதனைப்படி தந்தைக்குச் சதையும் எலும்பும் உள்ள உடல் உண்டு. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுளல்ல, தனித்தனியானவர்கள். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அறிக்கையிட்ட கடவுள் இவரல்ல. லூத்தரன், ஆங்கிலிக்கன் திருமுழுக்கை ஏற்கிற உரோமை இதை மறுப்பது அதனால்தான்.

அந்தப் பக்கமும் தாராளம் கிடையாது. அப்போஸ்தலர்களுக்குப் பின் குருத்துவ அதிகாரம் உலகைவிட்டே போய்விட்டது என்று சொல்லித்தான் 1830-இல் ஜோசப் ஸ்மித் சபை தொடங்கினார். கத்தோலிக்கர் அங்கே போனால் மறுபடி முழுக்குத்தான். இரண்டு சாட்சிகள் பார்த்து நிற்பார்கள். ஆடை நுனி தண்ணீருக்கு மேலே தெரிந்தாலும் திரும்ப மூழ்க வேண்டும். எட்டு வயதுக்கு முன் யாருக்கும் கிடையாது.

உங்கள் வரியை நம்பி, கத்தோலிக்கர் ஒருவரும் மார்மன் ஒருவரும் மணம் முடிக்கப் பங்குத்தந்தையிடம் போனால் என்ன ஆகும்? திருமுழுக்குப் பெற்ற வேறு சபையாரை மணப்பதற்கான கலப்புத் திருமண அனுமதி போதும் என்று படிவம் நிரப்புவார்கள். போதாது. திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதாகவே திருச்சபைச் சட்டம் 1086 இதைக் கொள்கிறது. ஆயரின் விதிவிலக்கு இல்லாவிட்டால் திருமணமே செல்லாது. அந்த மார்மன் முன்பு வேறொரு சபையில் செல்லுபடியாகும் திருமுழுக்குப் பெற்றிருந்தால் கதை வேறு. ஆகவே முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பழைய சான்றிதழைத்தான். கத்தோலிக்கராக வரும் மார்மனுக்கும் ஐயத்தின் பேரில் நிபந்தனைத் திருமுழுக்கு இல்லை; முதல்முறை பெறுபவராகவே பெறுவார்.

இறந்தோருக்காக மார்மன்கள் பதிலாள் வைத்துத் திருமுழுக்குத் தருவதையும், அதற்குப் பயன்படாதபடி பங்குப் பதிவேடுகளை அவர்களது வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2008-இல் உரோமை ஆயர்களுக்கு எழுதியதையும் நல்லுறவுக் கட்டுரை தொடவே இல்லை. போப் பிரான்சிஸ் 2019-இல் மார்மன் தலைவர் ரசல் நெல்சனைச் சந்தித்த படம் மட்டும் அரைப் பக்கம்! கைகுலுக்கினால் கோட்பாடு கரைந்துவிடுமா?

இதற்கு முன் மார்மன்களைப் புராட்டஸ்டண்ட் பிரிவு என்றீர்கள், அவர்களே ஒப்பமாட்டார்கள். 1890-இல் சபை அதிகாரபூர்வமாகக் கைவிட்ட பலதார மணத்தை இன்றைய வழக்கம்போல எழுதினீர்கள். அப்போதெல்லாம் பொறுத்துக்கொண்டோம்.

இப்போது கேட்பது இரண்டு வரித் திருத்தம், அதே பக்கத்தில். கூடவே, மார்மன் கட்டுரைக்குச் சிலுவைப் படம் போட வேண்டாம் என்று வடிவமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஆலயத்தில் சிலுவை வைப்பதில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்