பேத்தியின் முதுகு

செந்தூல்,
கோலாலம்பூர்

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஏசாதே. பேத்தி யாழினிக்கு முதுகில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து, இப்போது கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேனா பிடிக்கவே மனசு வந்தது.

முதலில் கண்டுபிடித்தது அவளுடைய பரதநாட்டிய ஆசிரியை. அரைமண்டியில் இவளுக்கு மட்டும் ஒரு தோள் ஏறி நிற்கிறதே என்று குனியச் சொல்லிப் பார்த்திருக்கிறார். வலது விலாப் பக்கம் சின்ன மேடு. அதற்கு ஒரு வருஷம் முன்பே ஒரு கிளினிக்கில் காட்டினோம். "புத்தகப் பை கனம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்களும் பையைத் திட்டிக்கொண்டிருந்தோம். பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். பிள்ளைகள் கிடுகிடுவென்று வளரும் வயதில், காரணம் தெரியாமலே முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்கிறது. பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். ஸ்கோலியோசிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் கோணம் போட்டுப் பார்க்கிறார்கள். வளைவு 10 பாகையைத் தொட்டாலே அந்தப் பெயர் வந்துவிடும். 25ஐத் தாண்டினால் வளரும் பிள்ளைக்குக் கவசம் மாட்டுவார்கள். 50ஐ ஒட்டிப் போனால் ஆபரேஷன் பேச்சு. இவளுக்கு 58. அந்த ஒரு வருஷத்தை வீணாக்காமல் இருந்திருந்தால்... சரி, விடு.

போனது நம் பழைய யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்குத்தான். இப்போது மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். கார் நிறுத்த இடம் தேடியே பாதி ஆயுள் போகிறது, எல்ஆர்டி ரயிலில் போவது மேல். அங்கே மருத்துவ நூலகத்துக்கு டி. ஜே. தனராஜ் பெயரை வைத்திருக்கிறார்கள். அறுபதுகளில் மருத்துவத் துறையைத் தொடங்கி நடத்திய முதல் டீன் அவர். நம் ஆள் பெயரைப் பார்த்ததும், காரணமே இல்லாமல் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். இந்த ஆபரேஷனை இரண்டு நிபுணர்கள் சேர்ந்து செய்தார்கள். பெரியவர் ஒருவர், கை கொடுக்கச் சின்னவர் ஒருவர் என்று நினைக்காதே. இரண்டு பேருமே தலைமை. முதுகின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஒரே நேரத்தில் முதுகெலும்பில் திருகாணி இறக்கி, வளைவை நிமிர்த்தும் கம்பியைப் பூட்டுகிறார்கள். தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரத்தை அறுக்க ஆளுக்கொரு முனை பிடித்து வாள் இழுப்பார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. காயம் திறந்திருக்கும் நேரம் குறைகிறது, அதனால் ரத்தமும் குறைவாகப் போகிறது. போன ரத்தத்தையும் ஒரு மெஷின் உறிஞ்சி, கழுவி, திரும்ப அவள் உடம்புக்குள்ளேயே விட்டதாம்! கால் நரம்புகளுக்கு சிக்னல் ஒழுங்காகப் போகிறதா என்று கடைசிவரை ஒருவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நான் முப்பது வருஷம் தோட்டத்தில் ரப்பர் பாலை எடைபோட்டுக் கணக்கு எழுதிய கிராணி, அதாவது குமாஸ்தா. அதனால் எனக்குப் பிடித்தது வேறு. எத்தனை நிமிஷம் ஆனது, எத்தனை மில்லி ரத்தம் போனது, எத்தனை நாள் படுக்கை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதி வைக்கிறார்கள். ஒருவர் செய்தால் எப்படி, இருவர் செய்தால் எப்படி என்று ஒப்பிட்டுக் கட்டுரையாகவும் வெளியிடுகிறார்கள். யாழினியின் கணக்கும் அந்தப் பேரேட்டில் ஏறுமாம். மகள் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினாள். போடு என்று நான்தான் சொன்னேன். இவளுக்கு முன்னால் எத்தனை பேர் வீட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

நீ போர்ட்டிக்சன் பக்கம் இருந்த காலம் ஞாபகமிருக்கிறதா, 1999? மூளைக் காய்ச்சல் என்று கொசு மருந்தாக அடித்தார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றால் பிள்ளைகளைத்தானே அதிகம் பிடிக்க வேண்டும், செத்ததோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரிய ஆட்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. அது புது வைரஸ் என்று கண்டுபிடித்த சுவா காவ் பிங்கும் இதே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்தான். நோயாளி இருந்த கிராமத்தின் பெயரால் நிப்பா ஆனது. நூற்றுக்கு மேல் உயிர் போன பிறகுதான் அடங்கியது. அப்போதும் இப்படி ஒருத்தர் உட்கார்ந்து, கணக்கு உதைக்கிறதே என்று யோசித்திருக்கிறார்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நான் கேன்டீனில் தே ஓ, அதுதான் பால் விடாத தேநீர், வாங்கி ஆறவிட்டு, ஆறவிட்டு மூன்று குவளை வீணாக்கினேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் நடக்கவைத்தார்கள், ஐந்தாம் நாள் வீடு. ஆணிக்கும் கம்பிக்கும்தான் செலவு. மருமகன் இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் கை வைத்தான்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரலாம் என்றிருக்கிறோம். படி ஏறுவது டாக்டர் விட்டால்தான், இல்லாவிட்டால் உன் வீட்டில் உட்கார்ந்து பசியாறிவிட்டுத் திரும்புவோம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? அளவை எழுதி வை.

அப்புறம், யாழினி ஒரே நாளில் நாலு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டாள். பள்ளிச் சீருடை எல்லாம் கட்டையாகிவிட்டதாம். புதிதாக மூன்று ஜோடி வேண்டும் என்று இப்போதே அவள் அம்மாவோடு சண்டை.

உன்,
மாணிக்கம்