உலகப் பார்வைக்கான பயிற்சி, ஆசிரியரின் பாடவேளையிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்கு உலகளாவிய பார்வை வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற இலக்கு, அமைதி, மனித உரிமை, உலகக் குடிமை, பண்பாட்டுப் பன்மை ஆகியவை பற்றிய அறிவையும் திறனையும் 2030-க்குள் கற்போர் அனைவரும் பெற வேண்டும் என்கிறது. அந்த இலக்கின் முன்னேற்றத்தை அளக்கும்போது கல்விக் கொள்கை, பாடத்திட்டம், மாணவர் மதிப்பீடு ஆகியவற்றோடு ஆசிரியர் கல்வியும் கணக்கில் கொள்ளப்படுகிறது. முதல் மூன்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நான்காவதைப் பற்றிய பேச்சு, எத்தனை பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், அந்தப் பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்பது குறித்துச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

வழக்கமான பயிற்சிப் பட்டறையை ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். கருத்தாளர் திரையில் படங்களைக் காட்டிப் பேசுவார். பிற்பகலில் குழு விவாதம் நடக்கும். மாலையில் சான்றிதழ் கிடைக்கும். மறுநாள் அதே பாடம், அதே வகுப்பு, முடிக்க வேண்டிய அதே பகுதி. கேட்டதை எந்தப் பாடவேளையில், எந்தப் பக்கத்தில் பொருத்துவது என்று யாரும் சொல்லித் தராததால், ஆண்டுக்கொரு முறை கொடிகளும் உடைகளும் உணவும் வைத்து ஒரு 'உலக நாள்' கொண்டாடுவதோடு பள்ளியின் உலகப் பார்வை முடிந்துபோகிறது. (உணவுத் திருவிழாவை நான் வெறுப்பவன் அல்லன், அதைப் பாடம் என்று கணக்கெழுதுவதைத்தான் ஏற்க இயலவில்லை.)

இதற்கு மாற்றாக, ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் இருக்கும் 'பாட ஆய்வு' முறையைச் சுட்டிக்காட்டலாம். அங்கே சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் அமர்ந்து, நடத்துபவரைவிட மாணவர்களையே கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். பிறகு கூடிப் பேசி அந்தப் பாடத்தைத் திருத்துகிறார்கள். உலக வரைபடப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மெர்கேட்டர் முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. மெல்லிய தாளை உலக உருண்டையின்மேல் வைத்து கிரீன்லாந்தை வரைந்து வெட்டி, ஆப்பிரிக்காவின்மேல் நகர்த்திப் பார்க்கச் சொன்னால், ஆப்பிரிக்கா அதைவிட ஏறத்தாழ 14 மடங்கு பெரியது என்பது மாணவர்களுக்கு உறைக்கும். உடனே ஒருவர் "அப்படியானால் இந்தப் படம் தவறா?" என்று கேட்பார். பாடத்தின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 'ஆம், தவறு' என்று சொல்லிவிட்டால் ஒரு தகவல் மாறுகிறதே தவிரப் பார்வை மாறுவதில்லை. 1569-இல் அந்தப் படம் கடலோடிகளுக்காக வரையப்பட்டது, திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துச் செல்லும் பாதை அதில் நேர்க்கோடாக விழும், உருண்டையைத் தட்டையாக்கும் எந்தப் படமும் பரப்பையோ வடிவத்தையோ தூரத்தையோ விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு வகுப்பை நடத்திச் செல்ல முன்தயாரிப்பு வேண்டும். இதை யார், யாருக்காக, எதற்காக உருவாக்கினார்கள் என்று கேட்கப் பழகிய மாணவர், வரலாற்றுப் பாடத்திலும் நாளிதழ்ச் செய்தியிலும் அதே கேள்வியைக் கேட்பார். அந்த முன்தயாரிப்பைச் சக ஆசிரியர்களோடு அமர்ந்து செய்வதைத்தான் நான் பயிற்சி என்பேன்.

இது சமூக அறிவியலுக்கு மட்டும் உரியதன்று. பாஸ்கல் முக்கோணத்தை நடத்தும் கணித ஆசிரியர், பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே 10-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் ஹலாயுதரும் 13-ஆம் நூற்றாண்டில் சீனத்தின் யாங் ஹுயியும் அதை அறிந்திருந்தனர் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். 'நாங்களே முதலில் கண்டோம்' என்ற பெருமிதத்தில் அது முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம்.

வெளிநாட்டுப் பள்ளியோடு காணொலியில் இணைவது இப்போது எளிதாகிவிட்டது. ஆனால் 'நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள், என்ன உடுத்துவீர்கள்' என்று இரு தரப்பும் மாறி மாறிக் கேட்டுக்கொள்ளும் சந்திப்பு ஒருவரை ஒருவர் வேடிக்கை பார்ப்பதாகவே அமைகிறது. எதிர்த்தரப்பு இல்லாமல் முடிக்கவே முடியாத ஒரு வேலை வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தின் சையீன், அலெக்சாண்டிரியா ஆகிய இரு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணித்தார். வடக்கிலும் தெற்கிலும் தொலைவாக உள்ள இரு பள்ளிகள், ஒரே நாளில் அவரவர் ஊரில் நிழல் மிகக் குறுகும் வேளையில் ஒரு கோலின் நிழலை அளந்தால் அதே கணக்கைப் போடலாம். ஒரு வகுப்பு கோலைச் சாய்வாக நட்டிருந்தால் இரு வகுப்புகளின் விடையும் கெடும். ஆகவே விளக்கம் கேட்டும் சொல்லியும் தீர வேண்டும். இதற்கு முன் இரு ஆசிரியர்களும் தமக்குள் பேசி, விடுமுறை நாள்கள், மொழி, இணைய வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய பேச்சுக்குப் பயிற்சிகளில் இடமே ஒதுக்கப்படுவதில்லை.

ஆசிரியர்கள் உண்மையில் அஞ்சுவது போர், அகதிகள், குடியேற்றம் போன்ற பொருள்களைக் கண்டுதான். ஒருதலைப்பட்சம் என்று பெற்றோர் குறை சொல்வார்களோ, அதே வகுப்பில் போருக்குத் தப்பிவந்த குடும்பத்துக் குழந்தை இருக்குமோ என்ற தயக்கத்தில் அந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்துவிடுகிறோம். ஜெர்மனியில் அரசியல் கல்விக்கென 1976-இல் உருவான 'பாய்டல்ஸ்பாக் இணக்கம்' என்ற நெறிமுறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது: ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மேல் திணிக்கக் கூடாது, சமூகத்தில் சர்ச்சைக்குரியதாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே வைக்கப்பட வேண்டும், மாணவர் தம் நிலையையும் நலனையும் தாமே ஆராயும் திறன் பெற வேண்டும். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு மாணவர் இன்னொரு நாட்டினரைப் பழித்துப் பேசும் நொடியில் என்ன சொல்வது என்பதைச் சக ஆசிரியர்கள் முன்னிலையில் நடித்துப் பழகினால்தான் அது கைவரும்.

இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டுக்கென வழங்கப்படுகிறது. அந்த அளவு எல்லா இடத்திலும் இயலாமல் போகலாம். ஒரே பாடத்தை நடத்துவோர் கூடிப் பேச வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குவது இயலும். வெளிநாட்டுப் பரிமாற்றப் பயணங்கள் நல்லவைதான் என்றாலும், சென்று திரும்பியவர் கண்டதைப் பகிர்ந்துகொள்ள அப்படியொரு வேளை இல்லாவிட்டால், பயன் அவர் ஒருவரோடு நின்றுவிடும்.

எனவே, பணியிடைப் பயிற்சிக்கான அடுத்த சுற்றறிக்கையில், பங்கேற்போர் அந்த மாதம் நடத்தவிருக்கும் பாடம் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்ற வரியைச் சேர்க்குமாறும், அந்தப் பாடம் வகுப்பில் என்ன ஆயிற்று என்று பேச அதே குழு மீண்டும் கூடும் நாளை அப்போதே குறிக்குமாறும் கல்வித் துறையினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர்