மக்கும் பையில் கொதிக்கும் சாம்பார்

ஆசிரியருக்கு,

மதுரை ஓட்டல்களில் மக்கும் பைகளில் பார்சல் கட்டுவது பெருகிவருவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பிளாஸ்டிக் தடைக்கு இது நல்ல துணைதான். ஆனால், மக்கும் பை என்பதாலேயே அது உணவுக்கு உகந்ததாகிவிடாது. இப்பைகளுக்கான ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரச்சான்று மக்கும் தன்மைக்கானது மட்டுமே. பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பிளாஸ்டிக்கால் ஆன பைகளில் லாக்டைடு என்ற அதன் மூலப்பொருளும், பிபாட் என்ற மற்றொரு மக்கும் பிளாஸ்டிக் கலந்தவற்றில் வளைய ஒலிகோமர்கள் என்ற சிறு மூலக்கூறுகளும் எஞ்சியிருந்து, சூட்டில் உணவில் இறங்கக்கூடும். இப்படி இறங்குபவற்றின் மொத்த எடையை மட்டும் அளக்கும் சோதனை இவற்றை இனங்காட்டாது.

சிம்மக்கல் பக்கம் வாங்கிய சாம்பார், வீடு வருவதற்குள் பை தொய்ந்து, நூல் சுற்றிய இடத்தில் பிசுபிசுத்திருந்தது. குழந்தைகளுக்கு ஊற்ற மனம் வரவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறை கடைகளிலிருந்தே பைகளை எடுத்து, சூடும் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்த நிலையில் வேதிப்பொருள்களைத் தனித்தனியே இனங்காணும் நிறைநிறமாலைமானி கொண்டு ஆராய்ந்து, முடிவுகளைத் தயாரிப்பாளர் வாரியாக வெளியிட வேண்டும். அதுவரை, தூக்குவாளி கொண்டுவருவோருக்குக் கடைகள் பார்சல் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

- வாசகர், மதுரை