கட்டை முடி கேட்கும் பாடசாலைகளுக்கு ஒரு சலூன்காரனின் வேண்டுகோள்

ஆசிரியருக்கு,

கல்லடியில் சலூன் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் இதே தொழில்தான். ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் எங்கள் கடைகளில் நடக்கும் இழுபறியைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

பொடியன் போனில் ஒரு கால்பந்து வீரரின் தலையைக் காட்டுவான். பக்கத்தில் நிற்கும் தகப்பன், "அதெல்லாம் வேணாம், கட்டையா வெட்டி விடுங்க அண்ணன். மறுகா திருப்பி அனுப்பினா நான்தான் லீவு போட்டு ஓடணும்" என்பார். எவ்வளவு கட்டை என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. டயரியில் "முடியை ஒழுங்காக வெட்டி வரவும்" என்று ஒரு வரிதான் இருக்கும். அதை வைத்து மெசினில் எந்த நம்பரைப் போடுவது? போன தவணை நான் பார்த்துப் பார்த்து வெட்டிவிட்ட ஒரு பிள்ளையை ஒரு பாடசாலையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வெட்டை இன்னொரு பாடசாலையில் பாராட்டுகிறார்கள். இதனால் பயந்துபோன பெற்றோர், முழுத் தலையையும் 1ஆம் நம்பரில் இழுத்துவிடச் சொல்கிறார்கள்.

1ஆம் நம்பர் என்றால் தலையில் மிஞ்சுவது 3 மில்லிமீட்டர். பழைய காயத் தழும்பு, பின்மண்டைத் தட்டை எல்லாம் வெளியே தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளை அந்தத் தலையோடு வகுப்பில் போய் இருக்க வேண்டும். அடுத்த தவணை அவன் சலூன் பக்கமே வரமாட்டான், வீட்டில் சண்டை பிடிப்பான். சும்மா சொல்லவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் அப்பப்பாமார் காலத்துப் படங்களைப் பாருங்கள். பக்கம் ஒட்ட வெட்டி, மேலே கொஞ்சம் விட்டு, வகிடு எடுத்து வாரிய தலை. 1928இல் இங்கிலாந்தில் வந்த பிரில்கிறீம் என்ற தலைக் கிறீம் நம் ஊர்வரைக்கும் ஓடியதே இந்தத் தலைகளுக்காகத்தான். அந்த வெட்டு இன்றைக்கும் பாடசாலைக்கும் பொருந்தும், கலியாண வீட்டுக்கும் பொருந்தும், பாங்க் வேலைக்கும் பொருந்தும். ஆனால் அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

தண்ணீர் தெளிக்கும் முன்பே, காய்ந்த தலையில் உச்சிச் சுழியைப் பார்த்துவிட வேண்டும். சுழி முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டால் அதன் பாரத்தில் படியும். இல்லையென்றால் நன்றாக ஒட்ட வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விட்டால் ஈர்க்குக் குச்சி நட்டதுபோல் நிற்கும், எந்த ஜெல்லாலும் படுக்காது. வகிடு எந்தப் பக்கம் என்பதையும் தலையே சொல்லும். நனைத்துப் பின்னால் வாரி, உள்ளங்கையை உச்சியில் வைத்து மெல்ல முன்னால் தள்ளினால் முடி தானாகப் பிரியும் இடம் ஒன்று இருக்கும். அதை விட்டு வேறு இடத்தில் வகிடு எடுத்தால் மத்தியானத்துக்குள் கலைந்துவிடும்.

பக்கங்களுக்கு 3ஆம் நம்பர், அதாவது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். காதைச் சுற்றி 2. இரண்டும் சேரும் இடத்தில் கோடு தெரியாமல் சீப்பை வைத்துக் கத்தரிக்கோலால் எடுக்க வேண்டும், நேரம் போவதே இந்த வேலைக்குத்தான். மேலே 4 சென்டிமீட்டர் விட்டால் வாரப் போதும். நம்மில் பலருக்கு முடி தடிப்பு, பக்கத்தில் கொஞ்சம் கூட விட்டாலும் காதுக்கு மேல் விரிந்து நிற்கும். பிடரியில் சதுரமாகக் கோடு போடச் சொல்லும் தம்பிமாருக்கு ஒன்று: வெட்டிய அன்று அது அழகுதான், ஒரு கிழமையில் கோட்டுக்குக் கீழே முளைத்து அசிங்கமாகிவிடும். சரிவாக மங்கவிட்டால் வளர்வது தெரியாது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும், ஆகவே நான்கு கிழமைக்கு ஒருமுறை வந்தால் சரி.

பூசுகிற சாமான் குறைவாகப் போதும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் ஜெல் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும். ஈரத் தலையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அல்லது பயறளவு பொமேட் என்ற முடிப் பசை. உள்ளங்கையில் தேய்த்துப் பின்பக்கமிருந்து முன்னே கொண்டுவர வேண்டும். முன்னால் தொடங்கினால் நெற்றி முடி பிசுபிசுக்கும். ஹெல்மெற் போட்டுக் கல்லடிப் பாலத்தைக் கடந்து போனாலும், கழற்றிவிட்டு ஒருதரம் சீப்புப் போட்டால் இந்த வெட்டு பழையபடி வந்துவிடும். போனில் காட்டுகிற தலைகளில் பாதிக்கு அது நடக்காது.

அதிபர்மாரிடம் நான் கேட்பது ஒரு சின்னக் கடதாசிதான். பக்கத்தில் எந்த நம்பர், மேலே எத்தனை சென்டிமீட்டர், பிடரி சரிவா கோடா, காதோர முடி எந்த மட்டம் என்று எழுதி, உங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள சலூன்களுக்குக் கொடுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்போம். பிள்ளையும் பார்ப்பான், தகப்பனும் பார்ப்பார். அதற்குள் என்ன அழகு செய்யலாம் என்பதை எங்களிடம் விடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டாத வீடுகள் இங்கே நிறைய, அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக வந்து நிற்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் யார் என்றாலும் மெசினைத்தான் தூக்குவார்கள். புதன், வியாழன் பின்னேரங்களில் பிள்ளையைக் கூட்டி வாருங்கள், கத்தரிக்கோலை எடுக்க எங்களுக்கும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
சலூன் உரிமையாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.