ஜெர்ரி ரைஸின் கல்லூரிச் சாதனைகள்: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளியான அமெரிக்கக் கால்பந்து அறிமுகக் கட்டுரையில், ஜெர்ரி ரைஸ் குறித்த பத்தியை ஆர்வத்துடன் படித்தேன். தொழில்முறை ஆட்டத்தில் அவர் பிடித்த 1,549 பந்துகளும், கடந்த 22,895 கஜங்களும், எடுத்த 208 டச் டவுன்களும் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது) சரியாகவே தரப்பட்டிருந்தன. ஆனால் அவருடைய கல்லூரிக் காலம், சிறிய கல்லூரி ஒன்றில் எளிய எதிரணிகளுக்கு எதிராகச் சாதனை படைத்தவர் என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. முதல் வகுப்பு கிரிக்கெட்டின் ஓட்டக் குவிப்பைப் பேசும்போது எந்தத் தொடர், எந்த ஆடுகளம், மறுமுனையில் நின்றவர் யார் என்றெல்லாம் ஆராயும் தங்கள் பக்கம், இங்கு மட்டும் அந்த அக்கறையைக் கைவிட்டது ஏன் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் நம் வாசகர்களில் பலருக்குப் பழக்கமில்லாதது. ரைஸ் ஆடிய வைட் ரிசீவர் என்ற இடத்தில் இருப்பவர் தாக்கும் அணியின் வரிசையில், பக்கக் கோட்டை ஒட்டி விலகி நிற்பவர். ஆட்டம் தொடங்கியதும் முன்பே வகுத்த பாதையில் ஓடுவார். எத்தனை அடியில் வேகத்தைக் குறைப்பது, எந்தக் காலை ஊன்றி எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் பயிற்சியில் முடிவானவை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக், பெரும்பாலும் இவர் திரும்புவதற்கு முன்பே பந்தைக் கையிலிருந்து விடுவித்துவிடுவார். ஆகவே ரிசீவர் பெயரில் எழுதப்படும் ஒவ்வொரு கஜத்திலும் எறிந்தவருக்கும், அந்த ஆட்ட முறையை வகுத்த பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு. ரைஸின் கல்லூரிச் சாதனைகளை இந்த மூவர் கணக்காகப் பார்க்காவிட்டால் அவற்றை மிகையாகப் புகழ்வோம், அல்லது தங்கள் கட்டுரையைப் போல மிகையாகத் தள்ளுபடி செய்வோம்.

ரைஸ் 1962இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். கொத்தனார் ஒருவரின் மகன். கோடை விடுமுறைகளில் தந்தையுடன் வேலைக்குச் சென்று, சகோதரர்கள் கீழிருந்து எறியும் செங்கற்களைச் சாரத்தின் மீது நின்று பிடித்துப் பழகியதால்தான் அவருடைய கைகள் அப்படி அமைந்தன என்ற கதை மிகவும் புகழ்பெற்றது. அவரே சொன்னதுதான் என்பதால் அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதுவோர் அந்தச் செங்கற்களோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. அந்தப் பகுதியில் சாரத்தில் நின்று செங்கல் பிடித்த பையன்கள் இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் ஒரே ஆட்டத்தில் 24 பந்துகளைப் பிடித்தது எப்படி என்பதற்கான விடையைக் கல்லூரி மைதானத்தில்தான் தேட வேண்டும்.

பெரிய பல்கலைக்கழகங்கள் எவையும் அவருக்கு உதவித்தொகையுடன் இடம் தரவில்லை. அவரை அழைத்துக்கொண்டது இட்டா பீனா என்ற சிற்றூரில் உள்ள மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகம். இனப் பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில், கறுப்பின மாணவர்களுக்கென்று அந்த மாநிலமே தனியாக ஏற்படுத்தி 1950இல் திறந்த கல்வி நிறுவனம் அது. இத்தகைய கல்லூரிகளின் அணிகளைச் சிறியவை என்று சொல்லும்போது, அவை ஏன் தனியாக இயங்கின என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. தெற்கு மாநிலங்களின் பெரும் பல்கலைக்கழக அணிகளில் பெரும்பாலானவை 1960களின் பிற்பகுதி வரை கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே இல்லை. அதே மிசிசிப்பியின் ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்துதான், பந்தை ஏந்தி ஓடுவதில் பெரும்புகழ் பெற்ற வால்டர் பேட்டனும் 1975இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். எனவே இந்தக் கல்லூரிகளை எதிர்த்து ஆடியவர்கள் எல்லோரும் எளியவர்கள் என்று ஒரே வீச்சில் எழுதிவிட முடியாது.

அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஆர்ச்சி கூலி. கௌபாய் தொப்பி அணிந்து, ‘கன்ஸ்லிங்கர்’ (துப்பாக்கி வீரர்) என்ற பட்டப்பெயருடன் வலம்வந்த மனிதர். தோற்றம் வேடிக்கையாக இருக்கலாம். அவர் வகுத்த ஆட்டம் வேடிக்கையானதன்று. ஒவ்வொரு முறையும் வீரர்கள் வட்டமாகக் கூடிப் பேசிவிட்டு வரும் வழக்கத்தை அவர் பெரும்பாலும் கைவிட்டார். குவார்ட்டர்பேக் வில்லி டாட்டன் கோட்டில் நின்றபடியே அடுத்த நகர்வை அறிவிப்பார். ரிசீவர்கள் நால்வரை ஒரே பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்துவதும் உண்டு. பந்து நகர்ந்ததும் நால்வரும் நான்கு திசையில் பிரிவார்கள். யார் யாரைத் தொடர்வது என்று தடுப்பாளர்கள் தீர்மானிப்பதற்குள் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். இன்று மூலைக்கு மூலை எல்லா அணிகளும் வேகமாகவும் விரிந்தும் ஆடுவதைப் பார்க்கும் இளைய ரசிகர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பந்தை எறிவதைவிட ஏந்தி ஓடுவதையே நம்பியிருந்த 1980களின் தொடக்கத்துக் கல்லூரி ஆட்டத்தில் இது மிகவும் புதியது.

1983இல் ரைஸ் 102 பந்துகளைப் பிடித்தார். சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 24 பந்துகளைப் பிடித்ததும் அந்த ஆண்டில்தான். அடுத்த ஆண்டு அந்த அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 60 புள்ளிகளுக்கு மேல் எடுத்தது. சீசனின் முதல் ஆட்டத்தில் கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகத்தை 86–0 என்று வீழ்த்தியது. எதிரணி எளியது என்ற வாதத்துக்கு இந்த ஆட்டம் நிச்சயம் சான்று, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதே சீசனில், இரு அணிகளுமே தோல்வி காணாத நிலையில், அல்கார்ன் மாநிலப் பல்கலைக்கழகத்துடன் ஜாக்சன் நகரில் நடந்த ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய அந்த ஆட்டத்தில் அல்கார்ன் 42–28 என்று வென்றது. வட்டாரத்துக்கு வெளியே அவ்வளவாக யாரும் கவனிக்காத கல்லூரிகள் இரண்டின் ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் என்றால், அங்கே போட்டி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அந்த 1984 சீசனில் டாட்டன் எறிந்த டச் டவுன் பந்துகள் 56. அவற்றில் 27 ரைஸின் கைக்கு வந்தன. கல்லூரி ஆட்டத்தின் எல்லாப் பிரிவுகளுக்கும் அதுவே அன்று உச்சம். பெரிய கல்லூரிகள் ஆடும் மேல்பிரிவில் அதே 27 என்ற எண்ணிக்கையை லூசியானா டெக் அணியின் டிராய் எட்வர்ட்ஸ் எட்டியது 1998இல்தான்.

எண்களைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். தங்கள் கட்டுரை அவருடைய கல்லூரிக் கணக்கை 310 பந்துகள் என்று தருகிறது. வேறு இடங்களில் 301 என்று இருக்கும். 1984க்கு மட்டும் பார்த்தால் ஒரு கணக்கு 112 பந்துகள், 1,845 கஜங்கள் என்கிறது. மற்றொன்று 103 பந்துகள், 1,682 கஜங்கள் என்கிறது. இரண்டு இடத்திலும் வேறுபாடு அதே ஒன்பது பந்துகள். கஜக் கணக்கிலும் மொத்தம் 4,856, 4,693 என்று இருவகையாக வருகிறது. அங்கும் 1984இலும் வேறுபாடு அதே 163தான். இந்த வேறுபாடு வருவது இதனால்தான் என்று எண்ணுகிறேன்: சீசன் முடிந்த பின் நடக்கும் நாக்-அவுட் ஆட்டங்களை அன்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2002 முதல்தான் சேர்க்கத் தொடங்கியது. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிடுவதால் வாசகர்களுக்கிடையே வீண் விவாதம்தான் மிஞ்சும்.

பெரிய கல்லூரிகளின் வீரர்களுக்கே பெரும்பாலும் செல்லும், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் அந்த ஆண்டு ரைஸ் ஒன்பதாம் இடம் பெற்றார். அப்படியும் ஐயம் தீரவில்லை. கடிகாரம் காட்டிய அவருடைய ஓட்ட வேகம் சுமார்தான் என்பதைத் தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ், 1984 அக்டோபரில் ஹூஸ்டனில் தங்கியிருந்தபோது விடுதித் தொலைக்காட்சியில் ரைஸின் ஆட்டத் துணுக்குகளைக் கண்டு மனத்தில் குறித்துக்கொண்டார். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, சாம்பியன் அணி என்பதால் அவர்களின் முறை கடைசியில் இருந்தது. நியூ இங்கிலாந்து அணியுடன் பேரம் பேசி 1985இல் 16ஆம் இடத்துக்கு முன்னேறி அவரை எடுத்தார்கள். அவருக்கு முன்பே அல் டூன், எடி பிரவுன் என்று இரண்டு ரிசீவர்கள் தேர்வாகியிருந்தார்கள்.

முதல் சீசனில் பந்துகளைத் தவறவிட்டு, சொந்த ரசிகர்களிடமே ஏச்சு வாங்கினார் ரைஸ். டிசம்பரில் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 241 கஜங்கள் கடந்ததும் பேச்சு மாறியது. அதற்குப் பிந்தைய வரலாற்றைத் தங்கள் கட்டுரையே நன்றாகச் சொல்லியிருப்பதால் நான் நீட்டவில்லை.

அவருடைய கல்லூரிச் சாதனைகளில் பலவும் இன்று அவர் பெயரில் இல்லை. ரைஸின் அணி ஆடிய அதே கீழ்ப்பிரிவில் ஆடிய கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கூப்பர் கப், 2013 முதல் 2016 வரை 428 பந்துகள், 6,464 கஜங்கள், 73 டச் டவுன்கள் என்று வெகுதூரம் போய்விட்டார். அவரும் பின்னர் தொழில்முறை இறுதியாட்டத்தில் சிறந்த வீரராகத் தேர்வானார். கீழ்ப்பிரிவுச் சாதனை என்றாலே ஒரு மாற்றுக் குறைவு என்று எண்ணுவோர் இந்த இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும்.

இட்டா பீனாவில் உள்ள பல்கலைக்கழக மைதானத்துக்கு இன்று ரைஸ்–டாட்டன் அரங்கம் என்று பெயர். எறிந்தவரையும் பிடித்தவரையும் அவர்கள் பிரிக்கவில்லை. தங்கள் கட்டுரையில் டாட்டன், கூலி ஆகிய இருவரின் பெயரும் ஓரிடத்திலும் வரவில்லை. கட்டுரை தொடராக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் இந்த இரு பெயர்களையும் சேர்க்குமாறும், கல்லூரிக் கணக்கு எதுவாயினும் ஆண்டு, பிரிவு, நாக்-அவுட் ஆட்டங்கள் சேர்ந்ததா இல்லையா என்ற விவரங்களுடன் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி