உரைகல்லுல நிக்காத கல்லு

மாப்ள,

மூணு வருஷமா ஒரு போன் இல்ல, பொங்கலுக்கு ஒரு மெசேஜ் கூட இல்ல, இப்ப என்னடா திடீர்னு பக்கம் பக்கமா எழுதுறான்னு திட்டுவ. திட்டிக்க. அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு ஒல்லியன் சொன்னான், சந்தோஷம். எங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம், மக பிளஸ் டூ. நான் கம்பெனி வேலையா சீனாவுல ஹாங்ஜோவுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு.

விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் இங்க ஒரு பழைய சாமான் சந்தையில ஜேட் கல்லுல செஞ்ச சாமான் ஒண்ணு வாங்கினேன். 6,000 யுவான், நம்ம காசுக்கு 70,000 ரூபாய்க்கு மேல. வீட்ல இன்னும் சொல்லல, நீயும் சொல்லிடாத. ட்சொங்னு சொல்றாங்க, வெளிய சதுரம், நடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் உருண்டையா துளை, நாலு மூலையிலயும் ரெண்டு கண்ணும் ஒரு வாயுமா முகம். உள்ளங்கையில அடங்கிடும். 5,000 வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர் பக்கத்துலயே லியாங்ஜூன்னு ஒரு நாகரிகம் இருந்துச்சு, சுத்தி மதில் கட்டி, அணை கட்டி வாழ்ந்திருக்காங்க, 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. அவங்க செஞ்சதுதான்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாரு.

வாங்கிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி உன் நெனப்புதான். தங்கம்னா உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்து, ஆசிட் ஒரு சொட்டு விட்டு, நீ டக்குனு சொல்லிடுவ. இந்தக் கல்ல எதுல உரசுறது? அப்பதான் தண்ணித் தராசு ஞாபகம் வந்துச்சு. ஒல்லியன் மோதிரத்த நூல்ல கட்டித் தொங்கவிட்டோமே, அதே மாதிரி கிச்சன் தராசு வச்சு பண்ணேன். வெளிய 212 கிராம், தண்ணிக்குள்ள 140. 72 கொறையுது, 212ஐ 72ஆல வகுத்தா 2.94, அதான் கல்லோட அடர்த்தி. ஜேட்டுல ரெண்டு வகை, நெஃப்ரைட்னா 2.9லேர்ந்து 3க்கு கொஞ்சம் மேல வரைக்கும் வரும், பர்மாவுலேர்ந்து வர்ற ஜேடைட்னா 3.3, ஜேட்னு ஏமாத்தி விக்கிற செர்பன்டைன்னா 2.6 பக்கம். பழைய சீனச் சிற்பம்னா நெஃப்ரைட்டாத்தான் இருக்கணும், ஏன்னா பர்மா கல்லு பெருசா இங்க வந்ததே 18ஆம் நூற்றாண்டுலதான். கணக்கு சரியா வந்துடுச்சு மாப்ள, அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

ஆனா ஆபீஸ்ல கூட வேல பாக்கிற பொண்ணோட மாமனார் ஒருத்தர், நாப்பது வருஷம் ஜேட் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், அவர்கிட்ட கொண்டு போனேன். என் 2.94ஐ கேட்டுட்டு தலையாட்டினாரு, "கல்லு நல்ல கல்லுதான், அத யாரு எப்ப அறுத்தாங்கறது வேற கேள்வி"ன்னாரு. எனக்கு சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா அதான் உண்மை. கல்லோட வயசு கோடிக்கணக்கான வருஷம், அதுல கைவச்ச தேதிய சொல்ற மெஷின் எதுவும் கிடையாது. உன் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் தங்கம் எத்தன சதவீதம்னு சொல்லும், கொலுசு பாட்டி காலத்துதா போன வருஷம் செஞ்சதான்னு சொல்லுமா? அதுக்கு நீ பத்து எக்ஸ் லென்ஸ வச்சு பத்தவச்ச எடத்தப் பாப்ப. இவரும் அதத்தான் பண்ணாரு.

மொதல்ல துளைக்குள்ள டார்ச் அடிச்சாரு. அந்தக் காலத்துல ஜேட்ட யாரும் உளி வச்சு செதுக்கல, செதுக்கவும் முடியாது, இரும்புக் கத்தியே அதுல கீறாது, அவங்ககிட்டயோ உலோகமே கிடையாது. நூல்லயும் மூங்கில் குழாய்லயும் மணலத் தொட்டுத் தொட்டு நாள்கணக்கா, மாசக்கணக்கா தேய்ச்சிருக்காங்க. நீளத் துளைய ரெண்டு பக்கத்துலேர்ந்தும் குடைஞ்சு நடுவுல சந்திப்பாங்க, சந்திக்கிற எடத்துல துளி விலகி ஒரு சின்னப் படி நிக்கும். என்னுதுல படி இருந்துச்சு! எனக்கு மூச்சு வந்துச்சு. அவரு சிரிக்காம, "இந்தப் படி வேணும்னு இப்ப எல்லாருக்கும் தெரியும், அதையும் செஞ்சே விக்கிறாங்க"ன்னு சொல்லிட்டு லென்ஸ என் கையில குடுத்து அந்த முகத்தோட கண்ணப் பாக்கச் சொன்னாரு.

பாத்தேன். வட்டம் வழுவழுன்னு, ஒரே ஆழம், ஒரே அகலம், ஒரே வேகத்துல ஓடின கோடு. அப்புறம் நிஜமான துண்டோட பெருசுபடுத்தின போட்டோ ஒண்ண எடுத்து பக்கத்துல வச்சாரு. மாப்ள, அது கோடே இல்ல. நூறு சின்னச் சின்னக் கீறல், ஒண்ணுமேல ஒண்ணா, ஒவ்வொண்ணும் கொஞ்சம் தடம் மாறி, ஒரு மனுஷன் கைய எடுத்து வச்சு எடுத்து வச்சு இழுத்தது. தூரத்துலேர்ந்து பாத்தா வட்டம், கிட்டப் போனா உழைப்பு. 1 மில்லிமீட்டருக்குள்ள நாலஞ்சு கோடு இழுத்திருக்காங்க, லென்ஸ் இல்லாம. என்னுது வைர முனை வச்ச சுழல் கருவி போட்டது. மேல இருந்த வெள்ளை நிறத்தையும் காட்டினாரு, மண்ணுக்குள்ள கிடந்து கோழி எலும்பு மாதிரி வெளுத்திருக்கணும், அது கல்லோட பலவீனமான எடம் பாத்து உள்ளயே ஊறும். இது சூடு காட்டி வெளுக்க வச்சது, மேல மெல்லிசா வெடிப்பு ஓடுது.

இன்னொண்ணும் சொன்னாரு, அது நான் வாங்குறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்க வேண்டியது. இந்த நாட்டுல மண்ணுக்குள்ளேர்ந்து எடுத்த பழம்பொருள் எல்லாம் அரசாங்கத்துது. சந்தையில விக்கிறது நிஜமா இருந்தா திருட்டு, பொய்யா இருந்தா ஏமாத்து, மூணாவது வழி ரொம்பக் கொறைச்சல். அதனால இவங்க கல்லப் பாக்குறதுக்கு முன்னாடி கேக்குறது, எங்க கிடைச்சுது, யார் கை மாறி வந்துச்சுன்னுதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஜெஜியாங் மாகாண மியூசியத்துக்குப் போனேன். லியாங்ஜூ ஆளுங்களப் பொதைச்ச ஃபான்ஷான்ல 1986ல தோண்டின 12ஆம் நம்பர் கல்லறையில கிடைச்ச பெரிய ட்சொங் அங்கதான். ஆறரை கிலோ, உயரம் 9 சென்டிமீட்டர் கூட இல்ல. அதுல எட்டு எடத்துல ஒரு உருவம், எறகுக் கிரீடம் வச்ச மனுஷன், கீழ பெரிய கண்ணுள்ள மிருகம், ஒவ்வொண்ணும் 3 சென்டிமீட்டர் உயரம், 4 சென்டிமீட்டர் அகலம். கண்ணாடிமேல மூக்கு முட்ட நின்னேன். காவலுக்கு நின்ன அம்மா ரெண்டு தடவ தள்ளி நிக்கச் சொன்னாங்க. 18ஆம் நூற்றாண்டுல சியன்லொங்னு ஒரு சீனப் பேரரசர், ஜேட்டுன்னா உயிர விடுவாரு, அவருகூட ஒரு தடவ தப்பா மதிப்புப் போட்டிருக்காரு. நடுவுல ஓட்ட போட்ட பழைய ஜேட் வட்டு ஒண்ணு கிடைச்சுது, அது கிண்ணம் வைக்கிற தாங்கின்னு நெனச்சு, ஒரு பீங்கான் கிண்ணத்த ஜோடி சேர்த்து, அதப் பத்தி 1790ல கவிதை எழுதி அந்த வட்டுலயே பொறிக்க வச்சுட்டாரு. இப்ப அது பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

இனிமே எழுதப்போறதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பெரியவர் டீ குடிக்கிறப்ப ஒரு பழங்கதை சொன்னாரு. பழைய சீனாவுல சூன்னு ஒரு நாடு, அங்க பியன் ஹன்னு ஒருத்தன், மலையில கிடைச்ச கல்ல ராஜாகிட்ட கொண்டுபோய் இதுக்குள்ள ஜேட் இருக்குன்னான். அரண்மனை ஆளுங்க பாத்துட்டு வெறுங்கல்லுன்னாங்க, பொய் சொன்னான்னு இடது பாதத்த வெட்டிட்டாங்க. அடுத்த ராஜா வந்தாரு, திரும்பக் கொண்டுபோனான், வலது பாதமும் போச்சு. மூணாவது ராஜா காலத்துல மலையடிவாரத்துல உக்காந்து மூணு நாள் அழுதிருக்கான். ஏன்யா அழுவுறன்னு கேட்டா, காலுக்காக இல்ல, ஜேட்ட கல்லுங்கறாங்க, நேர்மையானவனப் பொய்யங்கறாங்க, அதுக்குத்தான் அழுவுறேன்னானாம். அப்புறம்தான் அறுத்துப் பாத்தாங்க.

எனக்கு டீ எறங்கல மாப்ள. அன்னைக்கு அந்த பேங்க்ல கவுண்டர் பக்கத்துல நான் நின்னேன். வளையல்ல சந்தேகமா இருக்கு, வெட்டிப் பாக்காம சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னு நீ சொன்னத ரெண்டு காதாலயும் கேட்டேன். பெரிய எடத்து நகைன்னு உன்ன போட வச்சாங்க. அப்புறம் உள்ள செம்புன்னு தெரிஞ்சப்ப, நகைக்கு மதிப்புப் போட்ட அப்ரைசர் நீயும் கூட்டுன்னு எழுதிட்டாங்க. என்கொயரியில நீ என் பேரச் சொன்ன, நான் போகல. என் வீட்டு லோன் அதே பிராஞ்ச்ல ஓடிட்டிருந்துச்சு. காரணம் அவ்வளவுதான், வேற சொல்லிக்க எதுவுமில்ல. தெற்காவணி மூல வீதியில உன் பட்டறையத் தாண்டிப் போக வெக்கப்பட்டு, சுத்திக்கிட்டு போயிருக்கேன் எத்தனையோ நாள்.

லோன் போன ஏப்ரல்ல முடிஞ்சுது. முடியாட்டியும் இத எழுதிருப்பேனான்னு கேட்டா, எழுதிருக்கணும். கேஸ் இன்னும் நடக்குதுன்னு ஒல்லியன் சொன்னான். அன்னைக்கு என்ன பாத்தேன், என்ன கேட்டேன்னு தேதியோட தனியா எழுதி கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன், வக்கீல் கேக்குற மாதிரி மாத்தி எழுதணும்னா அதுவும் தரேன். ஜனவரி 11 மதுரையில இருப்பேன். அவர் ஆபீஸ் எத்தன மணிக்குத் தொறக்கும்னு மட்டும் சொல்லு, வாசல்ல நிக்கிறேன். பேசப் பிடிக்கலன்னா ஒல்லியன்கிட்ட சொல்லிவிடு.

பத்து எக்ஸ் லென்ஸ் ஒண்ணு உனக்கு வாங்கியிருக்கேன், பெரியவர் வச்சிருக்கிற அதே மாதிரி.

உன்
குண்டன்